பயோடீசல் கிளிசரினை மாட்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: மாதவரம் பக்கம் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். பழைய சமையல் எண்ணெயில் பயோடீசல் எடுப்பவர் ஒருவர், டிரம் அடியில் தங்கும் பழுப்புப் பாகைச் சும்மாவே தருகிறார். "கிளிசரின்தான், தவிட்டில் கலந்து வையுங்கள், கன்று போட்ட மாட்டுக்குப் பால் ஏறும்" என்கிறார். தரலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து வைக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. சுத்தமான கிளிசரின் மாட்டின் வயிற்றில் புரோபியோனிக் அமிலமாகும். ஈரல் அதைப் பால் சுரக்க உதவும் குளுக்கோஸாக்கும். ஆனால் டிரம்மில் இருப்பது அதுவல்ல. எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துத்தான் பயோடீசல் எடுக்கிறார்கள். 100 கிலோ பயோடீசலுக்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் அடியில் இறங்கும், மிஞ்சிய மெத்தனாலும் காரமும் சோப்பும் அதோடு சேர்ந்தே வரும். ஒரு சொட்டைத் தண்ணீர் பாட்டிலில் விட்டுக் குலுக்கிப் பாருங்கள், துணி சோப்புப் போல நுரைக்கும். மெத்தனாலோ கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமான அதே விஷம்.

காய்ச்சினால் போய்விடுமே என்று அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். மெத்தனால் 65 டிகிரியிலேயே ஆவியாகும், குபீரென்று பிடிக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. தொழிற்சாலையில் மூடிய கலத்தில் வடித்து, அமிலம் விட்டுச் சோப்பைப் பிரிப்பார்கள். பொட்டாஷ் காரம் போட்டிருந்து, பாஸ்பாரிக் அமிலம் விட்டால், மிஞ்சும் உப்பு பயிருக்கு உரமாகவே ஆகும்.

கன்று போட்ட மாடு தீனி எடுக்காமல், மூச்சில் ஒரு இனிப்பு வாடையோடு நின்றால் அது கீட்டோசிஸ், அதாவது உடம்பில் குளுக்கோஸ் குறைந்து வரும் நோய். அதற்கு மருத்துவர் வாய்வழி ஊற்றச் சொல்லும் புரோப்பிலீன் கிளைக்காலை உங்களுக்குப் பக்கத்தில் மணலியிலேயே பெட்ரோலியப் பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். அதையே கிளிசரினிலிருந்தும் எடுக்கலாம். தாமிரக் குரோமைட் வினையூக்கியோடு, சுமார் 200 டிகிரியில் ஹைட்ரஜன் செலுத்தி மாற்றும் வழியைக் கண்டதற்காக மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சப்ஸுக்கு 2006-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. அப்படி ஆலை வழியாக மருந்தாகி வந்தால் மாட்டுக்கு நல்லது, டிரம்மிலிருந்து நேராக வந்தால் விஷம்.

சரி, இலவசமாக வருவதை விட மனமில்லை என்றால், சாண எரிவாயுக் கலம் இருக்கிறதா? 100 லிட்டர் சாணக் கரைசலுக்கு அரை லிட்டர் விட்டுத் தொடங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாயு கூடும். ஒரு லிட்டரைத் தாண்டினால் கலம் புளித்துப் படுத்துவிடலாம். அப்புறம், டிரம்மை மூடி, கன்றுகள் நக்காத இடத்தில் வையுங்கள்.