மார்கழிக் குளிரில் கோழிக்குஞ்சுகள் சாகாமல் காப்பது எப்படி?

ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறீர்கள், பல்பு எரிகிறது, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியாச்சு, அப்படியும் காலையில் ரெண்டு மூணு செத்துக் கிடக்கிறது என்கிறீர்கள். பொள்ளாச்சிப் பக்கம் நாங்களும் மார்கழி, தை மாதங்களில் குஞ்சு விடுகிறோம்.

முதலில், அது என்ன பல்பு? எல்.இ.டி. என்றால் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்குத் தேவையான சூடு வராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு. ஐம்பதுக்கு ஒரே 100 வாட் பல்பு போடுவதைவிட 60 வாட் பல்பு ரெண்டு மாட்டுங்கள், ராத்திரி ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று எரியும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம் என்பது பொதுக் கணக்கு. தெர்மாமீட்டர் இருந்தால் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள். நான் அதைவிடக் குஞ்சுகளைத்தான் நம்புவேன். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓயாமல் கத்தினால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாகப் போய் ஒடுங்கினால் எதிர்ப்பக்கம் எங்கோ காற்று புகுகிறது. அங்கங்கே பரவிப் படுத்து மெல்லிசாகச் சத்தம் போட்டால் சரி. இதைப் பகலில் பார்த்துப் பயனில்லை, விடியற்காலை மூணு, நாலு மணிக்கு எழுந்து போய்ப் பாருங்கள்.

செத்த குஞ்சையும் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையாக நசுங்கியிருந்தால், குளிருக்குக் கூடிய கூட்டத்தில் அடியில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தது. மூலை இருக்கிற இடத்தில் இது அதிகம் நடக்கும். அதனால்தான் ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையோ தகடோ வைத்து வட்டமாக வளைக்கச் சொல்கிறார்கள். ஐம்பதுக்கு நாலடி விட்டம் தாராளம். பல்பை நடுவில் தொங்கவிட்டால், சூடு அதிகமானால் விலகிப்போக அவற்றுக்கு ஓரம் இருக்கும்.

உயிரோடு இருப்பவற்றில் பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர் பட்ட குஞ்சுகளுக்கு இது வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும், காய்ந்ததைப் பிடித்து இழுத்தால் தோலோடு வந்துவிடும். துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

தார்ப்பாயை மேலே வரை இறுக்கிக் கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். குஞ்சு இருக்கிற உயரத்தில்தான் காற்று படக்கூடாது. மேலே அரையடியாவது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்ச நெடி தேங்கும், தரையில் பரப்பிய உமி ஈரமாகும். ஈர உமியில் குளிரும் ஏறும், பிறகு ரத்தக் கழிச்சலும் வரும். உமி ரெண்டு அங்குலம் இருக்கட்டும். தண்ணீர்க் குவளைக்கு அடியில் ஒரு செங்கல் வையுங்கள்.

ராத்திரி கரண்ட் போகும் ஊரா? மண்பானையில் கரித்தணல் போட்டு, மேலே சாம்பல் தூவி வைப்பது பழைய வழக்கம். வைத்தால் சுற்றிக் கம்பிவலையும் மேலே காற்றுப் போக வழியும் கட்டாயம், மூடின இடத்தில் கரிப்புகை எல்லாவற்றையும் கொன்றுவிடும். எனக்கு அந்தப் பயம் உண்டு, அதனால் சுடுதண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வைத்துவிடுவேன். ஓரிரு மணி நேரம் தாங்கும்.

இருட்டுவதற்கு முன் நாலைந்து குஞ்சைப் பிடித்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். வயிறு காலியான குஞ்சு எவ்வளவு சூடு கொடுத்தாலும் துவண்டுதான் போகும். காலையில் சில்லென்ற தண்ணீரை வைக்காமல் கொஞ்சம் வெதுவெதுப்பாக வையுங்கள்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து போடும்போது வெயில் ஏறிய பிறகு போடுங்கள். முதுகில் இறகு மூடும்வரை, இந்தக் குளிருக்கு நாலு வாரம் வரையாவது, ராத்திரியில் பல்பு எரியட்டும்.

இவ்வளவும் சரிசெய்து ரெண்டு நாளுக்குப் பிறகும் சாவு நிற்கவில்லையென்றால் அது குளிர் இல்லை. அன்று காலையில் செத்ததை உறையில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள்.