ஊசி போடுவதற்காகச் சித்தா படிக்காதீர்கள்

மகளின் நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு எட்டவில்லை என்று தேனிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. தாய்மாமா முடிவோடுதான் வந்திருந்தார். “தனியார் காலேஜ்ல பி.எஸ்.எம்.எஸ்., அதான் சித்தா டாக்டர் படிப்பு, போட்டுடலாம் சார். அஞ்சரை வருஷத்துல டாக்டர் போர்டு. அப்புறம் ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாம் குடுத்துக்கலாம், யாரு கேக்கப் போறா?” அம்மா ஆறு சென்ட் மனையை விற்கத் தயார்.

“பயப்படாதீங்கம்மா” என்று ஆரம்பித்தவன், அந்த ‘யாரு கேக்கப் போறா’வைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

உச்ச நீதிமன்றம் கேட்டிருக்கிறது. 1996, பூனம் வர்மா வழக்கு. ஹோமியோபதி படித்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துபோனார். படிக்காத முறையில் வைத்தியம் பார்த்ததே அலட்சியம்தான் என்று சொல்லி 3 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது நீதிமன்றம். சித்தா படித்தவர்கள் அலோபதி மருந்தும் கொடுக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2010 அரசாணை இருக்கிறதே என்றார் மாமா. இருக்கிறது, அதுவும் படிப்பில் பயிற்சி பெற்ற அளவுக்குத்தான். அதை நம்பி மனையை விற்பதா?

சித்தா மட்டமில்லை. சித்த வைத்தியமே பார்ப்பேன் என்கிற பிள்ளையைப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்கு நானே அனுப்புவேன். அலோபதிக்குக் கொல்லைப்புற வழியாக அதைப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நேரமும் பிள்ளை பேசவில்லை. என் ஜன்னல் தொட்டியில் முளைத்திருந்த களையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கீழாநெல்லி சார். இலைக்கு அடியில காய் வரிசையா இருக்கு பாருங்க.”

அவளுக்கு நான் சொன்னது பி.பார்ம்., மருந்தியல் பட்டப்படிப்பு. நான்கு வருடம், நீட் வேண்டாம், +2 மதிப்பெண் போதும். சென்னை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கிறது. மருந்துக்கடை வைக்கிற படிப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்குள் பார்மகாக்னசி என்று ஒரு பாடம்: மூலிகையைத் துப்பறிவது. அசோகப்பட்டை என்று சொல்லி நெட்டிலிங்கப் பட்டையைத் தள்ளிவிடுகிற வியாபாரம் உண்டு. கண்ணால் பார்த்தால் ஏமாறலாம். பிளேடால் மெல்லிய சீவலாக அறுத்து, ஃபுளோரோகுளுசினால் என்ற ரசாயனமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சொட்டு விட்டால் கட்டைத்தன்மை ஏறிய திசு செக்கச்செவேலென்று எழும்பும். பட்டையைப் பொடித்தே கொண்டுவந்தாலும், மைக்ரோஸ்கோப்பில் நாரின் அமைப்பும் படிகங்களும் காட்டிக்கொடுத்துவிடும். சித்த, ஆயுர்வேத மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இதுதான் வேலை. ஜிபேட் என்ற நுழைவுத் தேர்வை எழுதித் தேறி, மேற்படிப்பான எம்.பார்ம். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை.

“போர்டு மாட்ட முடியாதே” என்றார் மாமா. முடியாதுதான்.

அம்மா, பி.பார்ம். சேர, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சிலிங் விண்ணப்பத்தைத் தவறவிடாதீர்கள். மனைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.