சுடாத தளபதி

அன்புள்ள அண்ணா,

பங்களாதேஷில் 2026 பிப்ரவரி 12 தேர்தல் முடிந்து தாரிக் ரஹ்மான் பிரதமர் ஆகிவிட்டார். 2024 ஆகஸ்ட்டில் பிரதமர் ஹசீனாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மாணவர்கள்மீது சுட மாட்டோம் என்று முடிவெடுத்ததும், பதினெட்டு மாதத்துக்குள் தேர்தல் நடக்கும் என்று சொன்னதும் ராணுவத் தளபதி வாக்கர் உஸ் ஜமான்தான். ஆட்சியைப் பிடிக்க எல்லா வாய்ப்பும் இருந்தும் அவர் பிடிக்கவில்லை. என் கேள்வி இது: ஒரு நாடு சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்குத் திரும்பும்போது தளபதியின் பங்கு எதுவரை நியாயம்? இனி அந்த ராணுவம் அரசியலுக்குள் வராமல் இருக்குமா? இப்படி ஒரு தளபதி ஐந்து வருடம் நேரடியாகவே ஆண்டால் என்ன கெட்டுவிடும் என்றும் சில சமயம் தோன்றுகிறது.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

'ஐந்து வருடம் ஆண்டால் என்ன கெட்டுவிடும்' என்று கேட்கிறீர்கள். அந்த நாட்டுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. அவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். 1982 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த எர்ஷாத் ராணுவத் தளபதிதான். அவரை இறக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. அடுத்து 2007 ஜனவரி 11. தேர்தல் சண்டையில் டாக்கா தெருக்கள் ரத்தமாகிக் கிடந்த நேரத்தில், தளபதி மொயீன் யு அகமது பின்னால் நிற்க, நெருக்கடி நிலையோடு ஒரு இடைக்கால அரசு வந்தது. பதினைந்து இருபது வருடமாக இரண்டு தலைவிகளின் சண்டையைப் பார்த்துச் சலித்த நடுத்தர வர்க்கம் உண்மையாகவே மகிழ்ந்தது. ஊழல்வாதிகளைப் பிடித்துப் போடுகிறார்கள், இனி நாடு உருப்படும் என்றார்கள். அந்தத் தலைவிகள் ஹசீனாவும் காலிதா ஜியாவும் சிறைக்குப் போனார்கள்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. டாக்கா பல்கலைக்கழக மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த மாணவர்களுக்கும் அங்கே முகாம் போட்டிருந்த சிப்பாய்களுக்கும் தகராறு. அடி விழுந்தது. இரண்டே நாளில் நகரம் கொதித்து ஊரடங்கு போட வேண்டிய நிலை. பேராசிரியர்களைக் கைது செய்தார்கள். மறுவருடம் அரிசி விலை எகிறியபோது, உருளைக்கிழங்கு சாப்பிடுங்கள் என்று தளபதியே பிரசாரம் செய்தார். 2008 டிசம்பரில் தேர்தல் நடத்திவிட்டு ராணுவம் பின்வாங்கியது. அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்த ஹசீனாதான் அப்புறம் பதினைந்து வருடம் இறங்கவே இல்லை. நல்ல தளபதி நாட்டைச் சுத்தம் செய்து கொடுத்ததன் பலன் அதுதான். இனிமேல் இந்த வாக்கியத்தை, தோன்றுகிறது என்று மெல்லிய குரலில்கூட, எழுதாதீர்கள். நீங்கள் படிக்கிறவர். உங்களிடமிருந்து இது வரும்போது வலிக்கிறது.

சரி, வாக்கர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் தளபதி ஆனது 2024 ஜூன் 23. நியமித்தது ஹசீனா. அவருடைய மனைவி முன்னாள் தளபதி முஸ்தஃபிசுர் ரஹ்மானின் மகள்; அந்தக் குடும்பம் ஹசீனாவுக்கு உறவு. பதவியேற்ற சில நாட்களிலேயே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதவீதம் என்ற பழைய ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் மீட்டதுதான் தொடக்கம். ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் கைகளை விரித்து நின்றபடியே போலீஸ் குண்டுக்குச் செத்தார். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜூலை 19 இரவு ஊரடங்கு அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள்.

நீங்கள் தாண்டிப்போன இடம் இதுதான். ஜூலை 19-லிருந்து ஆகஸ்ட் 5 வரை அதே தளபதியின் கீழ்தான் அந்த ராணுவம் தெருவில் நின்றது. ஐநா அடையாளம் பொறித்த வெள்ளைக் கவச வண்டிகள் டாக்கா தெருக்களில் ஓடிய படங்கள் வந்து, ஐநாவே கவலை தெரிவித்தது. ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறது ஐநா மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை. பெரும்பாலான சாவு போலீஸ், துணைப்படை, ஆளுங்கட்சி ஆட்கள் கணக்கில் வரும். ஆனாலும் அவர்களுக்குப் பக்கத்தில் ராணுவம் நின்றுகொண்டிருந்தது என்பது அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் ஆகஸ்ட் தொடக்கத்தில் என்ன மாறியது? தளபதியின் மனசாட்சி திடீரென்று விழித்தது என்ற கதை எனக்குப் போதவில்லை. வரிசையாகப் பாருங்கள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் வாழும் குடியிருப்புகளிலிருந்தே குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஆகஸ்ட் 3 அன்று கன்டோன்மென்ட்டில், அதாவது டாக்காவின் ராணுவ வளாகத்தில், வாக்கர் அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். இளநிலை அதிகாரிகள் தங்கள் தயக்கத்தை முகத்துக்கு நேராகச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. ஆகஸ்ட் 4 அன்று முன்னாள் தளபதி இக்பால் கரீம் புய்யான் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அதிகாரிகள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, படைகளை முகாமுக்குத் திருப்புங்கள் என்றார்கள். அன்று ஒரே நாளில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். அன்றிரவுதான் வாக்கர் தன் ஜெனரல்களோடு இணைய வழியில் பேசி, ஊரடங்கை அமல்படுத்தப் பொதுமக்களைச் சுடுவதில்லை என்று முடிவெடுத்தார். மறுநாள் ஹசீனா ஹெலிகாப்டர் ஏறினார்.

முடிவு மேலிருந்து இறங்கவில்லை, ர. கீழிருந்து ஏறியது. மேஜருக்கும் கேப்டனுக்கும் வீட்டில் கல்லூரி போகும் தம்பியோ தங்கையோ இருந்தார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது தளபதியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. என் பெரியப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். 1971-இல் கிழக்கு எல்லையில் இருந்திருக்கிறார். ஆனால் போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. அவர் திரும்பத் திரும்பப் பேசியது, வடக்கே ஒரு நகரத்தில் கலவரத்தின்போது ஊரடங்குப் பணிக்குப் போனதைப் பற்றித்தான். போரில் எதிரே இருப்பவன் கையில் துப்பாக்கி இருக்கும் என்பார். இங்கே எதிரே நின்றது செருப்புகூட இல்லாத பையன்கள். நான் சின்ன வயதுக்கே உரிய ஆர்வத்தில், சுடச் சொல்லியிருந்தால் சுட்டிருப்பீர்களா என்று கேட்டேன். பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "உத்தரவு பெரிய ஆபீசர் வாயில இருந்து வரும்டா. துப்பாக்கி என் கையில இருக்கும். ராத்திரி தூக்கம் போறது யாருக்குன்னு யோசிச்சுப் பாரு" என்றார். உத்தரவு வரவில்லை என்பதற்காக அவர் கடைசிவரை யாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த நகரத்தில் கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லிக் கெஞ்சிய ஒரு பள்ளி ஆசிரியருக்கு. தன் கமாண்டருக்கு அல்ல.

டாக்காவைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் எனக்குப் பெரியப்பாவின் முகம்தான் வருகிறது. பெயர் தெரியாத எத்தனை ஹவில்தார்களும் லெப்டினன்ட்களும் அந்த இரண்டு வாரம் தூங்காமல் கிடந்திருப்பார்கள்! நீங்கள் தளபதிக்கு எழுதும் புகழுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இது முதல் தடவையும் இல்லை. 1990-இல் எர்ஷாதுக்கு எதிராக டாக்கா திரண்டது. நவம்பர் 27 அன்று மிலோன் என்ற மருத்துவர் டாக்கா பல்கலைக்கழக வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதும் போராட்டம் அடங்காத நிலைக்குப் போனது. அப்போதைய தளபதி நூருத்தீன் கான், எர்ஷாதைக் காப்பாற்ற ராணுவம் வராது என்று கைவிரித்தார். டிசம்பர் 6 அன்று எர்ஷாத் பதவியைத் தலைமை நீதிபதி சஹாபுதீன் அகமதிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றே மாதத்தில், 1991 பிப்ரவரி 27 அன்று, தேர்தல். தேதி, ஏற்பாடு, பேச்சு எல்லாம் நீதிபதியையும் கட்சிகளையும் சேர்ந்தது. தளபதி அதன்பின் தன் வேலையைப் பார்த்தார். பின்னாளில் அவர் அரசியலுக்குப் போய் அமைச்சரானது வேறு கதை. அந்த மூன்று மாதத்தில் அவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கவில்லை.

2024-ஐ இதோடு ஒப்பிடுங்கள். ஹசீனா போய்விட்டார் என்று நாட்டுக்குத் தொலைக்காட்சியில் சொன்னது தளபதி. எல்லாப் பொறுப்பையும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றதும் அவரே. இடைக்கால அரசின் தலைவராக யூனுஸ் பதவியேற்றது ஆகஸ்ட் 8. செப்டம்பரில், ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் ஜனநாயகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ராய்ட்டர்ஸுக்குத் தளபதி பேட்டி கொடுத்தார். கால அளவு முதலில் வந்தது சீருடையிலிருந்து. 2025 பிப்ரவரியில், 2009-இல் எல்லைப் படையினர் கலகம் செய்து ராணுவ அதிகாரிகளைக் கொன்ற பில்கானா படுகொலையின் நினைவு நாளில், உங்களுக்குள் அடித்துக்கொண்டால் நாட்டின் சுதந்திரத்துக்கே ஆபத்து என்று அரசியல்வாதிகளை எச்சரித்தார். மே மாதத்தில், டிசம்பருக்குள் தேர்தல் வேண்டும் என்ற அவருடைய கருத்து வெளியே வந்தது. அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்று நீங்கள் மகிழ்கிறீர்கள். தேர்தல் எப்போது என்று தெரிந்துகொள்ள ஒரு நாடு ஒன்றரை வருடம் கன்டோன்மென்ட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததே, அது உங்களை உறுத்தவே இல்லையா?

எகிப்தில் 2011-இல் ராணுவமும் மக்களும் ஒரே கை என்று தஹ்ரீர் சதுக்கத்தில் கோஷம் போட்டார்கள், டாங்கிகள்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நன்றியை ராணுவம் கைமாற்றுக் கடனாகக் குறித்து வைத்துக்கொண்டது. 2013-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முர்சியை இறக்கி வட்டியோடு வசூலித்தது. ஆகஸ்ட் 14 அன்று ராபா சதுக்கத்தில் திரண்டிருந்த அவருடைய ஆதரவாளர்களில் எண்ணூறு பேருக்கு மேல் போலீஸும் ராணுவமும் ஒரே நாளில் கொன்றன. கொன்றதையும் கைதட்டி வரவேற்ற கூட்டம் அதே நகரத்தில் இருந்தது.

வாக்கர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. செய்யாமல் இருக்க அந்த ராணுவத்துக்குக் காரணங்கள் உண்டு. ஐநா அமைதிப்படைக்கு மிக அதிகமாக வீரர்களை அனுப்பும் நாடுகளில் ஒன்று அது. சிப்பாயின் வீடு கட்டுவதும் தங்கை கல்யாணமும் அந்தச் சம்பளத்தில்தான். அடக்குமுறையில் இறங்கினால் அந்த வாய்ப்பு போய்விடலாம் என்று ராணுவத்தை எச்சரித்ததாக ஐநா மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் பின்னாளில் சொன்னார். அப்படி எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று ராணுவம் மறுத்தது. வங்கி, ஹோட்டல், தொழிற்சாலை என்று அவர்களுக்குச் சொத்தும் இருக்கிறது. நாற்காலியில் உட்காராமலே கிடைப்பது கிடைக்கும்போது, 2007-இன் அவமானத்தைத் திரும்ப எதற்கு வாங்க வேண்டும்?

இந்தியாவின் கை, அமெரிக்காவின் கை என்று நீங்கள் தனி மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பட்டியலை நான் படிக்கவில்லை. ஒரு தலைமுறையே தெருவில் இறங்கிச் செத்ததை அப்படிச் சுருக்குவதற்கு எனக்கு மனம் வராது.

தளபதியின் பங்கு எதுவரை நியாயம் என்று கேட்டீர்கள். சுட மறுப்பது அவர் கடமை. அன்று மாலையே நீதிபதியையோ கட்சிகளையோ முன்னே நிறுத்திவிட்டுப் பின்னே போவதும் கடமை. வாக்கர் முதலாவதைத் தாமதமாகச் செய்தார், இரண்டாவதைப் பாதி செய்தார்.

ராணுவம் இனி விலகியே இருக்குமா என்பதற்கு, ஆயினாகர் வழக்கைப் பாருங்கள். ஹசீனா காலத்தில் ராணுவ உளவுத் துறை ஆட்களைத் தூக்கிப்போய் வருடக்கணக்கில் அடைத்துவைத்த ரகசியச் சிறை அது. 2016-இல் காணாமல் போன வழக்கறிஞர் மீர் அகமது பின் காசிம் அப்படி ஒரு ரகசியச் சிறையிலிருந்து வெளியே வந்தது 2024 ஆகஸ்ட்டில், ஹசீனா ஓடிய பிறகு. இப்படிக் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரித்த ஆணையத்துக்கு 1,600-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அந்த உளவுத் துறை பிரதமருக்குக் கீழே வருவது, எங்களுக்குக் கீழே இல்லை என்பது ராணுவத்தின் வாதம். காகிதத்தில் அது உண்மை. அங்கே வேலை பார்த்தவர்கள் ராணுவத்திலிருந்து போய் ராணுவத்துக்கே திரும்பிய அதிகாரிகள். 2025 அக்டோபரில் அந்நாட்டின் சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயம் இது உள்ளிட்ட வழக்குகளில் பிடியாணை போட்டதும், பணியில் இருந்த அதிகாரிகள் உள்ளிட்ட 15 பேரை ராணுவம் தன் காவலில் எடுத்து, பின்பு நீதிமன்றத்தில் நிறுத்தியது. அந்த நாட்டில் இது பெரிய விஷயம். ஆனால் அவர்களை வைத்த துணைச்சிறை கன்டோன்மென்ட்டுக்குள்ளேயே இருந்தது.

வாக்கரின் பதவிக்காலம் 2027 ஜூன் வரை. அந்த அதிகாரிகளின் வழக்கு அதற்குள் எங்கே போய் நிற்கிறது என்று கவனித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அவரைப் பாராட்ட வேண்டியிருந்தால் அப்போது சேர்ந்தே பாராட்டுவோம்.

அன்புடன்.