துப்பாக்கிச் சத்தத்தையும் எண்ணினார்கள்

கேள்வி: இத்தாலியில் வருஷா வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் தன்னார்வலர்கள் மலைமேல் உட்கார்ந்து பருந்து எண்ணுகிறார்கள் என்று போன இதழில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எண்ணி என்ன ஆகப்போகிறது? அது பாட்டுக்கு வருகிறது, போகிறது!
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அது பாட்டுக்குப் போக விடவில்லையே, அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. நான் எழுதியது மெசினா நீரிணை பற்றி. சிசிலித் தீவுக்கும் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவுக்கும் நடுவே, குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த ஐரோப்பியத் தேன்பருந்துகள் கூடு கட்ட வடக்கே திரும்பும்போது, ஒரு பெரிய கூட்டம் டுனீசியா முனையிலிருந்து சிசிலிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் கடலைத் தாண்டுகிறது. தரையில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலே கிளம்பும், அதில் வட்டமடித்தால் இறக்கையை அசைக்காமலேயே உயரம் கிடைத்துவிடும், ஆனால் கடல் மேல் அந்தக் காற்றுக்கு வலு இல்லை என்பதால் வழி நெடுக இறக்கையடித்துத்தான் வந்தாக வேண்டும். அப்படிக் களைத்து வந்து, சிசிலியைக் கடந்து நீரிணையை நெருங்குகிற பறவை பல நேரம் தாழ்வாகவே பறக்கும். துப்பாக்கிக்காரர்கள் காத்திருந்தது அதற்குத்தான். சிலர் இதற்காகவே கான்கிரீட்டில் பதுங்கு அறைகூடக் கட்டியிருந்தார்கள். வசந்த காலத்தில் ஒரு தேன்பருந்தையாவது சுடாத ஆணுக்கு மனைவி துரோகம் செய்வாள் என்று அந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. 1977-லேயே இத்தாலியச் சட்டம் பருந்து, வல்லூறு போன்ற இரைகொல்லிப் பறவைகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புக் கொடுத்துவிட்டது, ஆனாலும் மலையில் சுடுவது நிற்கவில்லை.

1981-ல் இதை நேரில் பார்த்த சிசிலிப் பெண் அன்னா ஜோர்டானோவுக்கு வயது 15. மூன்று வருஷம் கழித்து, 1984-ல், நீரிணைக் கரையிலுள்ள மெசினா நகருக்கு மேலே உள்ள மலைகளில் காவல் முகாம் தொடங்கினார். முகாமில் என்ன செய்தார்கள் என்றால், உட்கார்ந்து எண்ணினார்கள். எத்தனை பருந்து கடந்தது என்று எழுதினார்கள், எத்தனை துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்பதையும் எழுதினார்கள். இரண்டும் ஒரே பதிவில் இருக்கும்போது யாரும் ‘அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் சுடுகிறார்கள்’ என்று மழுப்ப முடியாது, காவலரை இந்த நாளில் இந்த மலைக்கு அனுப்புங்கள் என்று உரிமையோடு கேட்கலாம். அதனால்தான் சுடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு எரிச்சலாக இருந்தது. மிரட்டினார்கள், 1986-ல் அவருடைய காரைக் கொளுத்தினார்கள். அவர் முகாமைக் கலைக்கவில்லை. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தார்கள், ரோந்தும் கூடியது, வருஷம் போகப் போகச் சத்தம் வெகுவாகக் குறைந்தது. 1998-ல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இன்றைக்கும் கள்ளத்தனமாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் முகாமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேன்பருந்துக் குஞ்சுகள் முதல் முறை ஆப்பிரிக்கா போனால் அடுத்த வசந்தத்தில் திரும்புவதில்லை, அங்கேயே தங்கி வளர்கின்றன. அதனால் ஏப்ரல், மேயில் நீரிணையைத் தாண்டுவது பெரும்பாலும் கூடு கட்டப் போகிற, வளர்ந்த பறவைகள். ஒரு ஜோடி பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். இந்த நேரத்தில் ஒன்றைச் சுட்டால் ஒரு கூடே போய்விடுகிறது, எனக்கு இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

கேள்வி: ஒரே பருந்தை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டார்களா? ஆயிரக்கணக்கில் சுற்றினால் எப்படிக் கணக்கு வைப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சுற்றும்போது எண்ணவே மாட்டார்கள், அதுதான் சூட்சுமம். சூடான காற்றில் நூறு பருந்து வட்டமடித்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரியும், யாராலும் எண்ண முடியாது. உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக இறக்கையை விறைத்துக்கொண்டு ஒரே திசையில் சறுக்க ஆரம்பிக்கும். அப்போது வானத்தில் ஒரு கோடு மாதிரி வரும், பார்வையில் ஒரு இடத்தை எல்லையாக வைத்துக்கொண்டு அதைத் தாண்டுகிறதை மட்டும் விரலால் அமுக்கி எண்ணும் கருவியில் ஒன்றொன்றாக ஏற்றுவார்கள். கூட்டம் அடர்த்தியாக வந்தால் பத்துப் பத்தாக. ஒரு மலையில் எண்ணியது அடுத்த மலைக்கும் தெரியும்படி நேரத்தையும் திசையையும் குறித்துச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் மாலையில் எல்லாரும் உட்கார்ந்து ஒத்துப் பார்த்து இரட்டிப்பைக் கழிப்பார்கள்.

இனம் பிரிப்பது நிறத்தை வைத்து இல்லை, தேன்பருந்து கறுப்பிலும் வரும், வெளுப்பிலும் வரும். சின்னத் தலை, குயில் மாதிரி முன்னே நீண்ட கழுத்து, நீளமான வால், வட்டமடிக்கும்போது தட்டையாக வைத்த இறக்கை, இதையெல்லாம் பார்க்கிறார்கள். கூடவே கரும்பருந்து, பூனைப்பருந்து, சிறு வல்லூறுகள், நாரைகள் எல்லாம் வரும்.

கேள்வி: தேன்பருந்து தேன் குடிக்குமா? நம் ஊரில் உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதற்கு முக்கிய உணவு குளவி, தேனீக்களின் புழுக்கள். கொட்டுப் படாமல் இருக்க முகத்தில் செதில் போன்ற கெட்டியான சின்ன இறகுகள் உண்டு. நம் ஊரில் இருப்பது அதன் உறவுக்காரப் பறவை, மலைத்தேனீக் கூட்டை உடைத்துத் தின்பதைக் காடுகளில் பார்க்கலாம்.

கேள்வி: எனக்கும் எண்ண ஆசை. இத்தாலி போக வசதியில்லை, இங்கே ஏதாவது செய்யலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தாராளமாக. பூனைப்பருந்துகள் குளிர்காலத்துக்கு மத்திய ஆசியப் பக்கமிருந்தெல்லாம் நம் தென்மாவட்டக் கரிசல் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் வருகின்றன, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. பகலில் சிதறிப் பறந்தாலும் பொழுது சாயும்போது ஒரே புல்வெளியில் தரையிலேயே படுக்க வந்து இறங்கும். தள்ளி நின்று, இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து, இறங்குகிற ஒவ்வொன்றையும் குறித்தால் போதும். படுக்கிற இடத்துக்குள் நடக்காதீர்கள், ராத்திரியில் கிளம்பினால் அதற்குத்தான் கஷ்டம். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஜனவரியில்தான், பூனைப்பருந்துகள் இங்கே இருக்கிற நேரம். உங்கள் ஊர்ப் பட்டியலைப் பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றுங்கள். இருநோக்கி இல்லையென்றால் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்று அலமாரியில் கிடக்கும்.