சீனியர் சொல்லும் நாலு மாடல் கணக்கு போதுமா?

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. ரியல் அனாலிசிஸில் அரியர் இருக்கிறது. இந்த செமஸ்டரில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், அதாவது கலப்பெண் சார்புகள் பற்றிய பாடம். ரியலே வராதவளுக்கு காம்ப்ளெக்ஸ் எங்கே வரப்போகிறது என்று பயமாக இருக்கிறது. “தியரத்தை மனப்பாடம் பண்ணு, கான்டூர் இன்டக்ரேஷனில் நாலு மாடல் பார்த்துக்கோ, பாஸ் ஆயிடலாம்” என்கிறார்கள் சீனியர்கள். ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதவும் ஆசை. “இல்லாத எண்ணைப் படிச்சு என்ன ஆகப்போகுது?” என்று அப்பா வேறு கேட்கிறார். என்ன செய்யட்டும் மேடம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை

பதில்: சீனியர்கள் சொல்வது பொய்யில்லை, பாஸ் ஆகிவிடலாம். ஆனால் மனப்பாடம் இவ்வளவு குறைவாகத் தேவைப்படும் தாள் உங்கள் மூன்று வருடத்தில் வேறொன்று இருக்காது. அதைப் போய் உருப்போடுவது வீண் உழைப்பு.

உங்கள் பயமும் தலைகீழாக இருக்கிறது. ரியல் அனாலிசிஸ் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள விதிவிலக்குகள். ஒருமுறை வகையிடலாம், மறுமுறை முடியாது. டெய்லர் தொடர் இருக்கும், ஆனால் சார்போடு பொருந்தாது. காம்ப்ளெக்ஸில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு திறந்த பகுதி முழுவதும் ஒருமுறை வகையிட முடிந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம், டெய்லர் தொடரும் சமர்த்தாகப் பொருந்தும்.

ஏன் இப்படி என்றால், நுழைவாயிலிலேயே வடிகட்டிவிடுகிறார்கள். எண்கோட்டில் ஒரு புள்ளியை இடமிருந்தும் வலமிருந்தும்தான் நெருங்க முடியும். தளத்தில் எல்லாத் திசைகளிலிருந்தும் நெருங்கலாம், எங்கிருந்து வந்தாலும் வகைக்கெழு ஒன்றாகவே இருக்க வேண்டும். இசட்டின் இணை எண்ணையே சார்பாக எடுத்துக்கொண்டு வரையறையில் போட்டுப் பாருங்கள். மெய் அச்சு வழியாகப் போனால் விடை 1, கற்பனை அச்சு வழியாகப் போனால் −1. ஆகவே அதை எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாது. சி.ஆர். (கோஷி–ரீமன்) ஈக்வேஷன் என்று பயமுறுத்துவது இதே இரண்டு திசைகளில் வரும் விடைகளைச் சமப்படுத்துவதுதான். தேர்வில் ‘நெசசரி கண்டிஷன்’ நிரூபணம் கேட்டால் எழுத வேண்டியதும் அதுவேதான். முதல் யூனிட்டில் வரும் அந்தப் பகுதி வகையிடல் கணக்குகள் சலிப்பானவை, ஒத்துக்கொள்கிறேன். அவற்றை வைத்துப் பாடத்தை எடைபோடாதீர்கள்.

ஒரே ஒரு சார்பை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1/(1 + எக்ஸ்²). எண்கோட்டில் எங்கும் ஒரு கோளாறும் இல்லாத வளைவு. ஆனால் 1 − எக்ஸ்² + எக்ஸ்⁴ − … என்ற அதன் தொடர், எக்ஸ் ஒன்றைத் தாண்டியதும் விரிந்து ஓடிவிடுகிறது. ஏன் ஒன்றில்? மெய் எண்களுக்குள் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. பன்னிரண்டாம் வகுப்பில் வரைந்த ஆர்கன் தளத்தை வரைந்து, ‘ஐ’ (−1-இன் வர்க்கமூலம்), ‘−ஐ’ இரண்டையும் குறியுங்கள். சார்பின் கீழே இருக்கும் 1 + எக்ஸ்² பூச்சியமாவது அங்கேதான். பூச்சியத்திலிருந்து அவற்றின் தூரம் 1.

அதே சார்பை முடிவிலிக்கு முடிவிலி தொகையிடுங்கள். டேன் இன்வர்ஸ் போட்டால் பை வரும் என்று உங்களுக்கே தெரியும். இப்போது மேல் அரைவட்டம் வரையுங்கள். உள்ளே அகப்படுவது ‘ஐ’ மட்டும். அங்கே ரெசிட்யூ, அதாவது சார்பை (இசட் − ஐ)-ஆல் பெருக்கி இசட்டை ‘ஐ’-க்குக் கொண்டுபோனால் இங்கே கிடைக்கும் எண், 1/(2ஐ). அதை 2பைஐ-யால் பெருக்கினால் அதே பை. பெரும்பாலோர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது அடுத்த படியில். வளைவுப் பகுதியின் பங்கு பூச்சியமாகிறது என்று சும்மா எழுதிவிட்டுப் போகக்கூடாது. ஆரம் ஆர் என்றால் வளைவின் நீளம் பை ஆர், அதன்மேல் சார்பின் அளவு அதிகபட்சம் 1/(ஆர்² − 1). பெருக்கிப் பாருங்கள், ஆர் பெரிதாகப் பெரிதாகப் பூச்சியத்துக்குப் போகிறது. இந்த ஒரு வரி கைவந்துவிட்டால் சீனியர் சொன்ன நாலு மாடலும் ஒரே மாடல்தான்; பாதை மட்டும் மாறும்.

தாமதமாகத் தொடங்குகிறோமே என்று நினைக்க வேண்டாம். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனபோது ராமானுஜனுக்கே இந்தப் பாடத்தின் அடிப்படையான கோஷி தேற்றம் தெரிந்திருக்கவில்லை என்று, அங்கே அவருடன் பணியாற்றிய கணித மேதை ஹார்டி எழுதியிருக்கிறார். பகா எண்கள் பற்றிய ராமானுஜனின் முடிவுகள் சில பிசகியதற்குக் காரணமும் இந்தப் பாடத்தை அறியாததுதான் என்பது அவர் கணிப்பு. ஒரு முழு எண்ணைக் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்பது பற்றி 1918-இல் இருவரும் சேர்ந்து எழுதிய பார்ட்டிஷன் கட்டுரைக்கு அடித்தளமே கோஷியின் வட்டத் தொகையீடு!

அப்பாவிடம் மோட்டார் கணக்கைச் சொல்லுங்கள். ஏ.சி. மின்சாரத்தில் மோட்டார் ஓடும்போது மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வரும். எவ்வளவு பெரியது, எவ்வளவு பின்தங்கியது என்ற இரண்டு விவரத்தையும் ஒரே எண்ணில் அடக்கத்தான் மின் பொறியாளர்கள் கலப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள்.

கடைசியாக ஜாம். அதன் கணிதப் பாடத்திட்டத்தில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் தனிப் பகுதியாக இல்லை. ரியல் அனாலிசிஸ் இருக்கிறது, அதுவும் கனமாகவே. எனவே அரியரை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்காதீர்கள். இந்த செமஸ்டரில் உங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்குத்தான் போக வேண்டும். வகுப்பில் வேகமாகப் போய்விட்ட இடங்களுக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தமிழ் வழியில் வந்தவர்களுக்கும் பிடிபடும். தேர்வு முடிந்ததும் காம்ப்ளெக்ஸ் நோட்டை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சி உதவித்தொகை, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு), பி.ஜி. டி.ஆர்.பி. (அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு) இரண்டின் கணிதப் பாடத்திட்டத்திலும் இந்தப் பகுதி இருக்கிறது.