எந்தக் காலத்துப் பாட்டு உயர்ந்தது? ஓர் இசைத்தட்டுச் சேகரிப்பாளரின் கேள்வி பதில்

நாற்பது ஆண்டுகளாகத் தமிழ்த் திரையிசைத் தட்டுகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன். இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டுகளின் விலையை நான் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆனது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். ஆகவே அதை ஸ்பிரிட் கொண்டு துடைக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): 1940கள் முதல் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தங்களுக்குப் பிடித்த ஓர் ஆல்பத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: சொல்கிறேன், ஆனால் தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1940களில் ஆல்பம் என்ற பொருளே நம்மிடம் இல்லை. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களும் சில நொடிகளும் மட்டுமே பதியும். நீண்ட பாட்டு என்றால் தட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாம் பாகத்தைக் கேட்க வேண்டும். ஒரு படத்தில் இருபது பாட்டு இருந்தால் அவற்றில் சில மட்டுமே தட்டாக வந்தன; படத்துக்குப் பாடியதைக் கிராமபோன் கம்பெனிக்காக மறுபடியும் பாடிக் கொடுத்த வழக்கமும் உண்டு. ஆகவே 1944-இல் வந்து சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' என்னுடைய தேர்வு என்று சொல்லும்போது, தனித்தனியாக விற்ற சில தட்டுகளையே சொல்கிறேன். எம். கே. தியாகராஜ பாகவதர் சாருகேசி ராகத்தில் பாடிய 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' ஒன்றே அந்தப் பத்தாண்டுக்குப் போதும்.

1950களுக்கு ஜி. ராமநாதனின் 'அம்பிகாபதி' (1957). முகாரி என்றால் சோகம் என்று பழகிவிட்ட காதுகளுக்கு, அதே முகாரியில் 'வாடா மலரே' என்று ஒரு காதல் பாட்டைத் தந்த துணிச்சலை நான் இன்றும் வியக்கிறேன். 1960களுக்கு விசுவநாதன்–ராமமூர்த்தியின் 'கர்ணன்' (1964). வடநாட்டு ராகங்களையும் சாரங்கி, ஷெனாய் போன்ற கருவிகளையும் தமிழ்ச் சொல் சிதையாமல் ஒரு படம் முழுவதும் நிறுத்திக் காட்டியது அது. 1970களுக்கு விசுவநாதனின் 'அபூர்வ ராகங்கள்' (1975). பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மகதியில் 'அதிசய ராகம்' தொடங்குகிறது. பிற்பகுதியில் ராகம் பைரவிக்கு மாற, பாட்டின் வரியிலும் அந்தப் பெயரே வந்து விழுகிறது. கதையும் கவிதையும் ராகமும் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடம் அது.

1980களுக்குத் திரைப்படத்தை விட்டுவிட்டு, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) என்பேன். தியாகராஜருக்கும் மேல்நாட்டு இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுப்பை, வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காக, முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை எழுந்திருக்காமல் கேட்டேன். ஆல்பம் என்ற சொல்லுக்கு உரிய பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. 1990களுக்கு ஏ. ஆர். ரஹ்மானின் 'இருவர்' (1997). காரணத்தைப் பின்னால் ஒருவர் கேட்டிருப்பதால் அங்கே சொல்கிறேன். 2000களுக்கு, புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் பதிவான 'திருவாசகம்' (2005). அதற்குப் பிந்தையவற்றை நான் தட்டில் கேட்கவில்லை. கைபேசியில் பாதிப் பாட்டோடு நிறுத்தியவற்றைத் தரம் பிரிப்பது நேர்மையாகாது.

கேள்வி (ஈரோடு): தாத்தா வீட்டுப் பரணில் எழுபது தட்டுகள் கிடைத்தன. என்ன விலை போகும்?

பதில்: முன்னுரையைப் படியுங்கள் ஐயா.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் வீட்டில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். தட்டுச் சேகரிப்பாளர்கள் வானொலியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லையே?

பதில்: குறை நியாயமானது. தட்டு வாங்கும் வசதி இருந்த வீடுகள் சிலவே. மற்றவர்கள் அனைவருக்கும் பாட்டு வானொலியின் வழியாகத்தான் வந்தது. 1952-இல் மத்திய அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கிய பிறகு, 1957-இல் விவித பாரதி தொடங்கும் வரை, தமிழ்நாட்டுக் காதுகளுக்குக் கொழும்புதான் புகலிடமாக இருந்தது. விவித பாரதி வந்த பிறகும் பலர் முள்ளைத் திருப்பவில்லை. 'பாவமன்னிப்பு' (1961) படத்தின் பாடல்களை வரிசைப்படுத்தச் சொல்லி நேயர்களுக்குப் போட்டி வைக்கப்பட்டதும் இலங்கை வானொலி வழியாகத்தான். எது முதல், எது இரண்டாவது என்று அடித்துக்கொள்ளும் நம் பழக்கத்தை இணையம் கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கே வந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): இளையராஜாவா, ரஹ்மானா? ஒரே சொல்லில் பதில் தேவை.

பதில்: இருவரும்.

கேள்வி (திருச்சி): 1960களே பொற்காலம் என்பதில் தங்களுக்கு ஐயம் உண்டா? அன்று முழு வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே கூடத்தில் நின்று வாசித்தார்கள். ஒருவர் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் வந்தது இயந்திர இசை.

பதில்: உங்கள் முதல் வாக்கியத்தோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன், காரணத்தோடுதான் சண்டை. ஒரே மூச்சில் பதிந்தது அன்றைய கருவிகளின் எல்லை. அதற்கு மேல் செய்ய வழி இருந்திருந்தால் அவர்களும் செய்திருப்பார்கள். மேலும், கூடிநின்று வாசிக்கும் முறை 1960களோடு முடிந்துவிடவில்லை. 1980களில் இளையராஜா மேல்நாட்டு முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே குறிப்பெழுதிக் கொடுத்து, வயலின் வரிசைகளை எதிரே உட்காரவைத்துத்தான் பதிந்தார். 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனைக் கேட்டுவிட்டு, 1990களில் இயந்திரம் மட்டுமே வாசித்தது என்று எவரும் சொல்ல முடியாது.

கேள்வி (அம்பத்தூர்): என்னிடம் உள்ள பழைய தட்டில் பாகவதரின் குரல் கீச்சென்று ஒலிக்கிறது. அவர் உண்மையிலேயே அவ்வளவு உச்சத்தில் பாடினாரா?

பதில்: உச்சத்தில் பாடியவர்தான். ஆனாலும் சுழலும் வேகத்தைச் சரிபாருங்கள். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இணையத்தில் ஏற்றப்பட்ட பழம்பாடல்கள் பலவற்றில் இந்தக் கோளாறு இருப்பதால், அவற்றை வைத்துக்கொண்டு இன்னார் இத்தனை கட்டையில் பாடினார் என்று வழக்காடாதீர்கள். மேலும், பின்னால் வந்த நீண்ட நேரத் தட்டான எல்.பி.க்கு உரிய மெல்லிய ஊசியை 78 தட்டின் அகலமான பள்ளத்தில் ஓடவிடாதீர்கள். ஊசி அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். துடைக்கும்போது ஸ்பிரிட் கூடாது.

கேள்வி (மீண்டும் திருச்சி): என் கேள்வியைத் தாங்கள் திசைதிருப்பிவிட்டீர்கள். கருவிகளின் எல்லை என்றால், அந்த எல்லைக்குள் வாசித்தவர்களின் திறமைக்கு மதிப்பில்லையா? மெல்லிசை மன்னர்களான விசுவநாதன்–ராமமூர்த்தியின் பாட்டில் வரும் குழலுக்கும் அக்கார்டியனுக்கும் இணையாக இன்று ஒன்றைக் காட்டுங்கள்.

பதில்: இப்போது நாம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்தக் குழலை வாசித்தவர் யார் என்று உங்கள் தட்டின் லேபிளைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்ல முடியாது. படத்தின் பெயர், பாட்டின் முதலடி, பாடியவர், இசையமைப்பாளர், கவிஞர்: இவ்வளவுதான் அதில் அச்சாகியிருக்கும். 'கொஞ்சும் சலங்கை'யில் (1962) ஜானகியின் குரலோடு நாகசுரத்தில் மோதியவர் காருகுறிச்சி அருணாசலம் என்பதும், 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் நாகசுரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பதும் நமக்குத் தெரிகிறது. கோயில்களிலும் மேடைகளிலும் அவர்கள் முன்பே பெயர் பெற்றிருந்தார்கள், அதனால் தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால் வயலின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தட்டின் உறையில் அவர்களுக்கு இடமில்லை. வாசித்தவர்களின் பெயர்களை உறைத்தாளில் அச்சிடும் பழக்கம் ரஹ்மானின் கேசட்டுகளோடுதான் நம்மிடையே ஊன்றியது. நீங்கள் யாருக்காக வழக்காடுகிறீர்களோ அவர்களுக்கு மரியாதை செய்த காலம், நீங்கள் இயந்திரக் காலம் என்று சொல்லும் அந்தக் காலமே.

கேள்வி (நாகர்கோவில்): திருச்சிக்காரருக்கு என் ஆதரவு. பெயரை அச்சிட்டுவிட்டால் பாட்டு நன்றாகிவிடுமா?

பதில்: ஆகாது. அதை நான் சொல்லவும் இல்லை. அவர் வாசித்தவர்களின் திறமையைப் பற்றிக் கேட்டார். அத்திறமைக்கு உரியவர்கள் யார் என்றே தெரியாதபடி செய்த காலத்தைப் பொற்காலம் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது.

கேள்வி (மூன்றாம் முறையாகத் திருச்சி): அப்படியானால் விசுவநாதன், ராமமூர்த்தி என்று இருவர் பெயர் இருந்ததே, அவர்களில் யார் எதைச் செய்தார் என்றாவது சொல்வீர்களா? மெட்டு ஒருவருடையது, வாத்தியம் மற்றவருடையது என்கிறார்களே.

பதில்: சொல்கிறவர்கள் அந்த அறையில் இல்லை, நானும் இல்லை. இருவரும் சி. ஆர். சுப்பராமனிடம் பணிபுரிந்தவர்கள், ஒருவர் ஆர்மோனியம், மற்றவர் வயலின். 1952-இல் சுப்பராமன் இளம் வயதில் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற படங்களை முடித்துக் கொடுத்ததில்தான் இந்த இரட்டையர் வாழ்வு தொடங்கியது, 1965-இல் பிரிந்தார்கள். பிரிந்த பிறகு விசுவநாதன் தனியே ஓங்கி நின்றதையும், ராமமூர்த்திக்கு அவ்வளவு படங்கள் வாய்க்காததையும் வைத்துக்கொண்டு, சேர்ந்திருந்தபோது நடந்த வேலையைப் பங்கிடுவது தவறு. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளின் வாத்திய இழைப்பு, பிரிவுக்குப் பிறகு இருவரிடமும் அதே மாதிரி வரவில்லை என்பது மட்டும் என் காதுக்குத் தெரிகிறது. இதற்கு மேல் என்னிடம் கேட்டுப் பயனில்லை.

கேள்வி (விழுப்புரம்): ராஜா, ரஹ்மான் இருவரில் சிறந்தவர் யார் என்று விளக்கமாக எழுதவும்.

பதில்: கோயம்புத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (பெங்களூரு): 1990களுக்கு 'ரோஜா'வை விட்டுவிட்டு 'இருவர்' ஏன்?

பதில்: காத்திருந்ததற்கு நன்றி அம்மா. 'ரோஜா' (1992) தமிழ்ப் பாட்டின் ஒலியையே மாற்றியது. அதை மறுப்பவர் காது கேளாதவர். ஆனால் இந்த உரையாடலின் கேள்விக்கு நேராக விடை தருவது 'இருவர்'தான். பழைய காலத்தில் தொடங்கும் கதை என்பதால், கடந்த காலத்தின் ஒலிகளை 1997-இல் உட்கார்ந்து மறுபடி உண்டாக்க வேண்டியிருந்தது. ரஹ்மான் பழைய பாட்டைப் போலவே ஒரு நகல் எடுத்துத் தந்திருக்கலாம்; ரசிகர்களும் கைதட்டியிருப்பார்கள். அவர் அந்தக் காலத்தின் நடையையும் மிடுக்கையும் மட்டும் எடுத்துக்கொண்டார். 'நறுமுகையே' பாட்டில் வைரமுத்து குறுந்தொகையின் 'யாயும் ஞாயும்' பாட்டையும், பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' புறப்பாட்டையும் காதலர் பேச்சாக்குகிறார். பாரி மகளிரிடம் தந்தையை இழந்த புலம்பலாக இருந்த சொல், உன்னிகிருஷ்ணன், பம்பாய் ஜெயஸ்ரீ குரல்களில் நிலவொளியில் நடந்த சந்திப்பின் நினைவாகிறது. அதே தொகுப்பில் ஹரிணி பாடும் ஜாஸ் பாட்டும் இருக்கிறது. எந்தக் காலம் உயர்ந்தது என்று கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கேசட்டைத்தான் கொடுப்பேன். கொடுத்ததில் இரண்டு திரும்பி வரவில்லை.

கேள்வி (சேலம்): ஒருவர் பதினைந்து வயதில் கேட்ட பாட்டுத்தான் அவருக்கு என்றைக்கும் சிறந்த பாட்டு. தங்கள் தேர்வும் அவ்வளவுதானே?

பதில்: எனக்குப் பதினைந்து வயது நிறைந்தது 1979-இல். 'அன்னக்கிளி' வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தெருவெங்கும் இளையராஜாவின் பாட்டுத்தான். உங்கள் விதி உண்மையானால் என் விடை அதுவாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு காலத்தைச் சொல் என்று கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்கினால், நான் பிறந்தே ஓராண்டு ஆகியிருந்தபோது முடிந்துபோன 1957 முதல் 1965 வரையிலான காலத்தைத்தான் சொல்வேன். கச்சேரி மேடையிலிருந்து வந்த ஞானம், நாடகக் கொட்டகையிலிருந்து வந்த உச்சரிப்பு, மேல்நாட்டுக் கருவிகளின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கி நின்றது அப்போதுதான்; மூன்றரை நிமிடம் என்ற அளவைத் தட்டுத்தான் விதித்தது என்பதையும் மறக்கவில்லை. திருச்சிக்காரர் இதைப் படித்து மகிழ்வார். அவர் சொன்ன காரணத்தை நான் இன்னும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கட்டும்.

கேள்வி (பாளையங்கோட்டை): கிராமபோன் பெட்டியின் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. எங்கே சரிசெய்யலாம்?

பதில்: பழைய சுவர்க் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் முதலில் காட்டுங்கள். பெட்டி என் துறை அன்று.

கேள்வி (திண்டுக்கல்): ராஜாவா, ரஹ்மானா?

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (காரைக்குடி): தங்கள் முன்னுரையை இப்போதுதான் படித்தேன். ஆச்சியின் தட்டு ஒன்றை நேற்றே ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டேன். மேற்புறம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது; துணியில் கறுப்பாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: துணியில் வந்த கறுப்புத்தான் தட்டு. துடைப்பதை உடனே நிறுத்துங்கள். எதுவும் மேலே படாதபடி நிழலில் காயவிடுங்கள். முள்ளை அதன் மேல் வைக்காதீர்கள். நடுவிலுள்ள லேபிள் தப்பியிருந்தால், அதிலிருக்கும் எண்ணையும் பாட்டின் முதலடியையும் எழுதி அனுப்புங்கள். அதே தட்டு என்னிடம் இருந்தால், பாட்டைப் பதிந்து ஆச்சிக்காக அனுப்பிவைக்கிறேன்.