கேட்டு வையுங்கள்! வடசென்னை வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. ராயபுரத்தில் பிறந்து, கூடையில் மீன் சுமந்து விற்றவர். ‘அந்தக் காலம் எப்படி இருந்துச்சு, ஆயா?’ என்று போனில் பதிவு செய்ய உட்கார்ந்தால், ‘எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு’ என்று முடித்துவிடுகிறார். சில மாதங்களாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். எப்படிக் கேட்பது?
– எஸ்.கே., ராயபுரம்

கேள்வியை மாற்றுங்கள். ‘அந்தக் காலம்’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. வேலையைப் பற்றிக் கேளுங்கள். விடியலில் எத்தனை மணிக்குக் கரைக்குப் போவார்? ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் காசு இல்லாவிட்டால் யாரிடம் வாங்குவார்? கூடையை யார் தூக்கிவிடுவார்கள்? முதல் போணி எந்தத் தெருவில்? மீந்த மீனை என்ன செய்வார்? ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வயதானவர்கள் நடுவில் நிறுத்துவது பெரும்பாலும் யோசிப்பதற்காகத்தான். அந்த இடைவெளியில் நாம் அடுத்த கேள்வியைப் போட்டால் வரவேண்டியது வராமலே போகும்.

‘ஞாபகம் இருக்கா?’ என்ற சொல்லையே தவிர்த்துவிடுங்கள். மறதி தொடங்கியவருக்கு அது பரீட்சை மாதிரி, பயந்து வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் பொருளைக் கையில் கொடுங்கள். பழைய கூடை, சும்மாடு கட்டும் துணி, அரிவாள்மனை எதுவானாலும் சரி. நாக்கு மறந்ததைக் கை பல நேரம் செய்துகாட்டும். கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு என்றால் ‘ஒரு கை’ என்பார். சமையல் தராசில் கிண்ணத்தை வைத்து அவர் கையாலேயே போடச் சொல்லி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை போடச் சொல்லிச் சராசரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் அளவு சற்று மாறும். மீன் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எடைக்கு அர்த்தமில்லை.

பதிவுக்குக் காலை 6 மணி நல்ல நேரம். அப்போதுதான் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார முடியும். பதிவைக் கெடுப்பதில் விசிறிச் சத்தத்துக்குத்தான் முதலிடம். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். ரெக்கார்டர் செயலியில் ‘வேவ்’ (WAV) வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மோனோவில் ஒரு மணி நேரத்துக்கு 300 எம்.பி. அளவுக்கு இடம் பிடிக்கும். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். 40 நிமிடத்தோடு நிறுத்துங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும். போனில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதி அவசியம்.

திரும்பத் திரும்பச் சொல்வதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 குறைவு, சில மாத்திரைகளின் விளைவு, காது கேளாமை ஆகியவையும் மறதி போலத் தெரியும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது எல்லாம் இருந்தால் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை நரம்பியல் பிரிவில் காட்டுங்கள். பதிவு அதற்குப் பிறகு இருக்கட்டும்.

1936இல் பிறந்த என் தாத்தா, ‘எம்டன் குண்டு போட்டப்ப நாங்க ஊரைவிட்டு ஓடினோம்’ என்கிறார். எம்டன் வந்தது 1914 என்று என் மகள் சொல்லிக்காட்டியதும் தாத்தா முகம் வாடிவிட்டது. யார் சொல்வது சரி?
– ஆர்.வி., தண்டையார்பேட்டை

தேதி உங்கள் மகளுடையது சரி, ஓடியது தாத்தாவுடையது சரி. ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் மீது சுட்டது. துறைமுகப் பக்கத்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. தாத்தா கண்ணால் பார்த்திருக்கக்கூடியது இரண்டாம் உலகப்போர். ஜப்பான் கடற்படை வங்கக் கடலுக்குள் வந்த 1942 ஏப்ரலில் சென்னையே காலியானது. மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று குண்டும் போட்டது. அப்போது தாத்தாவுக்கு 6, 7 வயது. அவருடைய அப்பா சொன்ன எம்டன் கதையும், தான் ஓடிய ஓட்டமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இப்படிக் கலப்பது மிகச் சாதாரணம்.

பேச்சின் நடுவே திருத்த வேண்டாம். பிரித்தறிய வேறு வழி இருக்கிறது. குண்டு கப்பலிலிருந்து வந்ததா, வானத்திலிருந்தா? ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்களா? எந்த ஊருக்குப் போனீர்கள், ரயிலா மாட்டுவண்டியா? திரும்பி வந்தபோது வீடு எப்படி இருந்தது? பதிலை அவர் சொன்னபடியே எழுதி, வருடத்தை ஓரத்தில் உங்கள் குறிப்பாக வையுங்கள். மற்ற சம்பவங்களுக்கும் இப்படியே செய்யலாம்: டிராம் நின்றது 1953, அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004. ‘அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று கேட்டால் வருடம் தானாகவே நெருங்கும். உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

‘மூணே முக்கால் அணா’ என்றால் இன்றைய கணக்கில் எவ்வளவு?
– பி.எம்., கொருக்குப்பேட்டை

ஒரு ரூபாய் 16 அணா, ஓர் அணா 12 தம்பிடி (பழைய சிறு காசு). ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. மூணே முக்கால் அணா 45 தம்பிடி, புதுக் காசில் சுமார் 23 பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் புதுக் காசு வந்தபோது ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றினார்கள். ஆறால் மட்டும் பெருக்கிக்கொண்டே போனால் 16 அணா 96 பைசாவில் நின்றுவிடும், கணக்கு தவறிவிடும்.

நைனா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். இரும்புப் பெட்டி நிறையக் காகிதம். பெரம்பூரில் அப்படியொரு மில் இருந்ததே என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எதை வைப்பது, எதைப் போடுவது?
– ஜி.டி., ஓட்டேரி

எண், தேதி, இலாகா பெயர் இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் அது வைக்க வேண்டிய காகிதம். டோக்கன், பி.எஃப். சீட்டு, சங்கச் சந்தா ரசீது, கணக்கு முடித்த கடிதம் எதையும் போடாதீர்கள். பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும் தொடங்கி, 1920இல் ஒன்றாகி, 1996இல் மூடப்பட்டன. அங்கே நெய்த காக்கித் துணி நாடெங்கும் போனது. 1918 ஏப்ரல் 27இல் அந்தத் தொழிலாளர்களுக்காகப் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்பார்கள். பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோர் முன்னின்ற சங்கம் அது. உங்கள் வீட்டுச் சந்தா ரசீது அந்த வரலாற்றின் ஒரு துண்டு.

துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கினால் காகிதம் கிழியும். கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி மெதுவாக நெம்புங்கள். செல்லோ டேப் ஒருபோதும் வேண்டாம், அதன் பசை பழுத்துக் காகிதத்தில் ஊறிவிடும். லேமினேஷனும் கூடாது. ஜன்னலோர நிழல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டு, தடித்த உறையில் பென்சிலால் குறித்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். கடல்காற்றின் ஈரம் வெளிச்சுவர் வழியாகத்தான் இறங்கும். கொடுக்க விரும்பினால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப்பாருங்கள்.

தாத்தாவின் கல்யாண போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
– என்.ஏ., திருவொற்றியூர்

பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியைப் பிரேம் போடுங்கள். சிறிய படமானால் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும்.

பர்மாவிலிருந்து 1964இல் வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா செய்த அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) என் பிள்ளைகளுக்குக் கடைச் சாப்பாடாகத்தான் தெரியும். வீட்டில் செய்தால் குழைகிறது.
– எஸ்.ஆர்., வியாசர்பாடி

நூடுல்ஸ் சூடாக இருக்கும்போதே பிசைவதுதான் காரணம். 4 பேருக்கு 250 கிராம் கோதுமை நூடுல்ஸை முக்கால் பதம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் தடவி முழுதாக ஆறவிடுங்கள். இரண்டு கப் முட்டைக்கோஸைத் தலைமுடி போல நறுக்குங்கள். எலுமிச்சை அளவு புளியை முக்கால் கப் தண்ணீரில் கெட்டியாகக் கரையுங்கள். புளி நீர்த்துப்போனாலும் அத்தோ சொதசொதக்கும்.

அகன்ற பாத்திரத்தில் நூடுல்ஸ், கோஸ், ஒரு பச்சை வெங்காயம், அரை கப் வறுத்த வெங்காயம், 3 மேசைக்கரண்டி பூண்டெண்ணெய், 2 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு, ஒரு தேக்கரண்டி வறுத்த மிளகாய்த் தூள், உப்பு போட்டுப் புளியைச் சிறிது சிறிதாக விட்டுக் கையால் பிசையுங்கள். கரண்டியில் கிளறினால் நூடுல்ஸ் உடையும். பூண்டைச் சிறுதீயில் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், கருகினால் மொத்தமும் கசக்கும். கொத்தமல்லித்தழை, எலுமிச்சை, நொறுக்கிய பேஜோ (தட்டை போன்ற மொறுமொறு பலகாரம்) மூன்றும் பரிமாறும்போதுதான். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். முதல் தடவை பிள்ளைகள் பிசையட்டும், புளியின் அளவை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.